வசனத்தை அதன் வீட்டில் போய்ப் பார்ப்பது

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்ட அட்டை, எடுப்பது நம் சபைகளில் பலவற்றில் வழக்கம். அட்டை பீரோ கண்ணாடியில் ஏறும், அடுத்த அட்டை வரும்வரை அங்கேயே இருக்கும். அதில் அடிக்கடி வருகிற வசனம் எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." வேலைக்குக் காத்திருப்பவர், விசாவுக்குக் காத்திருப்பவர், பெண்ணுக்கு வரன் பார்ப்பவர் என்று ஒவ்வொருவரும் இதைத் தங்கள் காரியத்தோடு பொருத்திக்கொள்வார்கள்.

அட்டை எடுப்பதைக் குறை சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊரின் மொராவியச் சகோதரர்கள் 1731 முதல் தினவசனப் புத்தகம் அச்சிட்டு வருகிறார்கள். அவர்களும் சீட்டுப் போட்டுத்தான் வசனம் எடுக்கிறார்கள். ஆனால் சீட்டில் வந்த பழைய ஏற்பாட்டு வசனத்தைத் தனியே விடாமல், அதற்கு ஒத்த புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றையும் தேடிப் பக்கத்தில் வைக்கிறார்கள். வசனத்துக்குத் துணை வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எரேமியாவின் அந்த வசனத்துக்குத் துணை அதே அதிகாரத்திலேயே இருக்கிறது. 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். யூதாவின் ராஜா எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதுகிறார். எலாசா, கெமரியா என்ற இரண்டு பேர் அதைக் கொண்டுபோகிறார்கள். கடிதம் தொடங்குவதே "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி" என்றுதான். அதாவது, மூட்டையை அவிழ்த்து வையுங்கள், சீக்கிரம் திரும்ப முடியாது. பத்தாம் வசனத்தில் கணக்கும் வந்துவிடுகிறது: எழுபது வருஷம். கடிதம் வாசிக்கப்பட்டதைக் கேட்ட நாற்பது வயதுக்காரர் ஊரைத் திரும்பப் பார்க்கப் போவதில்லை. பேரப்பிள்ளைகள் போகலாம்.

இன்னும் ஒரு பக்கம் பின்னால் போனால் 28ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி நிற்கிறார். இரண்டு வருஷத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்திலே எல்லார் முன்னிலையிலும் சொன்னவர். கேட்க எவ்வளவு இதமான வாக்குத்தத்தம்! அது பொய் என்று எரேமியா சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் 11ஆம் வசனம் வருகிறது. "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்பது அனனியாவின் அவசரத்துக்கு எதிராகச் சொல்லப்பட்ட வார்த்தை. ஏழாம் வசனமோ, எந்தப் பட்டணத்துக்குச் சிறைப்பட்டுப் போனார்களோ அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபிக்கச் சொல்கிறது. விசாவுக்காக ஜெபிக்கிறவர், தான் வெறுக்கிற இப்போதைய அலுவலகத்துக்காகவும் ஜெபிக்க வேண்டும் என்கிற இடத்துக்கு வந்து சேருவார். அட்டையில் இது இருக்காது.

தினதியானம் என்று நாம் சொல்லும் பழக்கத்தில் பாதிக்கு மேல் இதுதான்: வசனத்தை நம் வீட்டுக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் அதன் வீட்டுக்கு நாம் போய்வருவது.

தியானம் என்ற சொல்லும் கொஞ்சம் குழப்புகிறது. கண்ணை மூடி, மனதைக் காலியாக்கி உட்காருவது என்ற படம் உடனே வந்துவிடும். சங்கீதம் 1:2லும் யோசுவா 1:8லும் இருக்கிற எபிரெய வினை "ஹாகா". ஏசாயா 31:4ல் இரையின்மேல் சிங்கம் உறுமுவதற்கும், 38:14ல் புறா புலம்புவதற்கும் இதே வினைதான். தொண்டையிலிருந்து சத்தம் வருகிற வேலை. யோசுவாவிடம் "உன் வாயைவிட்டுப் பிரியாதிருப்பதாக" என்று சொல்லப்பட்டதும் அதனால்தான். ஆகவே முதல் விதி, வாய்விட்டு வாசிக்க வேண்டும். வீட்டில் மற்றவர்கள் தூங்கினால் உதடு அசைந்தால் போதும். கண்ணால் மட்டும் ஓடினால் தெரிந்த பகுதிகளில் மனம் வாக்கியத்தைத் தானே முடித்துக்கொண்டு அடுத்ததற்குத் தாவும். வாய் அப்படித் தாவாது.

எவ்வளவு வாசிப்பது? வேதாகமத்தின் 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள் (கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 நூல்கள், கணக்கு இன்னும் கூடும்). வருஷத்தில் முடிக்க நாளுக்கு மூன்றேகால் அதிகாரம். ஸ்காட்லாந்துப் போதகர் ராபர்ட் மரே மெக்செய்ன் 1842ல் தம் சபைக்குப் போட்டுக்கொடுத்த அட்டவணை நாளுக்கு நான்கு அதிகாரம் கேட்கும். அதில் பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறையும் முடியும். நல்ல அட்டவணைதான், பழகினவர்களுக்கு.

பழகாதவர் ஜனவரி 1ஆம் தேதி ஆதியாகமம் 1ல் தொடங்கினால் என்ன ஆகும் என்று கணக்கே சொல்லிவிடும். ஆதியாகமம் 50 அதிகாரம், கதையோட்டம், பொங்கல் வரும்போது யோசேப்பு எகிப்தில் இருப்பார். ஜனவரி 23 வாக்கில் யாத்திராகமம் 25ல் ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும். பலகை, பாதம், கொளுவி, திரை. அதே அளவுகள் 36ஆம் அதிகாரத்தில் திரும்ப வரும். ஜனவரி 28 வாக்கில் தொடங்கி பிப்ரவரி 5 வரை லேவியராகமம். வாசிப்பு நிற்பது பெரும்பாலும் அங்கேதான். இதை ஆவிக்குரிய சோர்வு என்று எண்ணித் தன்னையே திட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அட்டவணையை மாற்றினாலே போதும்.

முதல்முறை தொடங்குகிறவருக்குச் சரியான இடம் மாற்கு. 16 அதிகாரங்கள்தான், நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு வசனமாகப் போனால் இரண்டு மாதம். அதன்பின் ஆதியாகமம், பிறகு அப்போஸ்தலர். லேவியராகமத்தை எபிரெயர் நிருபத்தோடு சேர்த்து வாசித்தால் பலிகளின் பட்டியலுக்கு உயிர் வரும். புதிய ஏற்பாட்டில் இன்னொரு வசதி: அதன் 260 அதிகாரங்கள், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால் 52 வாரத்துக்குச் சரியாக வரும். சனி, ஞாயிறு விட்டுப்போனதைப் பிடிக்க. சங்கீதம் 119ஐ ஒரே நாளில் விழுங்கக் கூடாது. அதில் 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பங்கு. எபிரெய எழுத்துகளின் வரிசையில் அமைந்தது என்பதால் பல பதிப்புகளில் ஆலெப், பேத், கிமெல் என்று தலைப்பும் இருக்கும். நாளுக்கு ஒரு பங்கு வைத்தால் 22 நாள்.

இனி மொழி. நம் கையில் பெரும்பாலும் இருப்பது ஹென்றி பவர் தலைமையில் 1871ல் நிறைவடைந்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்த பழைய திருப்புதல். அதன் ஓசை நெஞ்சில் நிற்கும், மனப்பாடத்துக்கு அதை விஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஒன்றரை நூற்றாண்டில் சில சொற்கள் பொருள் மாறிவிட்டன. "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்" என்று யோவான் 14:15 சொல்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கற்பனை என்றால் இல்லாததை எண்ணிக்கொள்வது. இங்கே கற்பனை என்பது கட்டளை. 1 கொரிந்தியர் 11:31ல் "நம்மை நாமே நிதானித்து அறிந்தால்" என்று வரும். நிதானம் என்றதும் பதற்றமில்லாமல் இருப்பது என்று தோன்றும், ஆனால் இங்கே ஆராய்ந்து தீர்மானிப்பது. இப்படிப்பட்ட சொல் வந்தால் 1995ல் வந்த பொது மொழிபெயர்ப்பையோ எளிய நடையில் உள்ள வேறொன்றையோ பக்கத்தில் திறந்து அதே வசனத்தைப் பார்த்தால் அரை நிமிஷத்தில் தெளியும். பழையதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பழையதில் வாசித்து, புதியதில் சரிபார்ப்பது நல்ல முறை.

அதிகார எண்களையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் செய்தது. புதிய ஏற்பாட்டின் இன்றைய வசன எண்கள் 1551ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டவை. எழுதினவர்கள் எண் போட்டு எழுதவில்லை. லூக்கா 21 ஏழை விதவையின் இரண்டு காசோடு தொடங்குகிறது. அதற்கு நேர் முந்தின வசனம் 20:47. விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம்பண்ணுகிற வேதபாரகரைப் பற்றியது. இரண்டு காசுக்குப் பின்னே 21:6, இந்த ஆலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறது. மூன்றையும் சேர்த்து வாசித்தால் அந்த விதவையின் காணிக்கை நமக்கு வேறு மாதிரி வலிக்கும். காணிக்கைப் பிரசங்கங்களில் 20:47 ஏனோ அவ்வளவாக வாசிக்கப்படுவதில்லை. எந்தப் பகுதியானாலும் முன்னால் ஐந்து வசனம், பின்னால் ஐந்து வசனம். நடுவில் அதிகார எண் குறுக்கிட்டாலும் தாண்டிப் போக வேண்டும்.

ஒரு நாளின் தியானம் எப்படி நடக்கும் என்று ஒரு பகுதியை வைத்தே பார்ப்போம். மாற்கு 10:46 முதல் 52 வரை, ஏழு வசனங்கள், எரிகோவில் பர்திமேயு என்ற குருடன். நேரம் இருபது நிமிஷம். கைபேசி அடுத்த அறையில். செயலியில் வாசிப்பவர் விமானப் பயன்முறையில் போடட்டும். முதலில் ஒரு வரி ஜெபம், சங்கீதம் 119:18 அதற்கென்றே இருக்கிறது: "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்." பிறகு பகுதியை இரண்டு முறை வாய்விட்டு. இரண்டாம் முறை பென்சிலோடு.

பென்சில் எதைத் தேட வேண்டும்? திரும்ப வருகிற சொல்லை. 48ஆம் வசனத்தில் பர்திமேயு பேசாதிருக்கும்படி அநேகர் அவனை அதட்டுகிறார்கள். "அதட்டினார்கள்" எங்கேயோ கேட்டது போலிருக்கிறதே என்று மேலே போனால் அதே அதிகாரம் 13ஆம் வசனம்: பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டினார்கள். இயேசுவோடு நடக்கிற கூட்டமே இயேசுவிடம் வருகிறவர்களை அமர்த்துகிறது, ஒரே அதிகாரத்தில் இரண்டு தடவை. அடுத்து 51ஆம் வசனத்தின் கேள்வி: உனக்கு நான் என்ன செய்யவேண்டும்? இதே கேள்வியை 36ஆம் வசனத்தில் யாக்கோபிடமும் யோவானிடமும் இயேசு கேட்டிருக்கிறார். அவர்கள் வலதுபாரிசத்திலும் இடதுபாரிசத்திலும் இடம் கேட்டார்கள். இவன் பார்வை கேட்கிறான். கண் உள்ளவர்களுக்குத் தெரியாதது கண் இல்லாதவனுக்குத் தெரிந்திருக்கிறது என்று மாற்கு வாய் திறந்து சொல்வதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார். கடைசியாக, 46ல் "வழியருகே" உட்கார்ந்திருந்தவன் 52ல் "வழியிலே" பின்செல்கிறான். எருசலேமுக்குப் போகிற வழி, அடுத்த அதிகாரத்தில் அங்கே வந்துவிடுகிறார்கள்.

இவ்வளவுக்கும் விளக்கவுரைப் புத்தகம் ஒன்றும் தேவைப்படவில்லை. பென்சிலும், பக்கத்தைப் பின்னால் புரட்டுகிற பொறுமையும் போதும். விளக்கவுரையோ தினதியான இதழோ வைத்திருந்தால் இந்த வேலை முடிந்த பின் திறக்கலாம். முதலிலேயே திறந்தால் நாள் முழுக்க நினைவில் நிற்பது அதில் எழுதினவரின் உதாரணக் கதையாக இருக்கும், வசனமாக இருக்காது.

அப்புறம் நோட்டு. 80 பக்க நோட்டு போதும், நாளுக்கு நான்கு வரி. தேதியும் பகுதியும் முதல் வரி. கண்டது இரண்டாவது: "அதட்டியவர்கள் இயேசுவின் கூட்டத்தார்." தேவனைப் பற்றித் தெரிவது மூன்றாவது: "சத்தம் கேட்டு நின்றார்." நான்காவது வரி, இன்று செய்வது. சறுக்குவது பெரும்பாலும் இந்த நான்காவது வரியில்தான். "எல்லோரிடமும் அன்பாயிருப்பேன்" என்று எழுதினால் இரவு வந்து எதைச் சோதிப்பது? நடந்ததா இல்லையா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிகிற மாதிரி எழுத வேண்டும். "இரவுச் சாப்பாட்டின்போது அம்மா அதே பழைய கதையைச் சொன்னால் குறுக்கிடாமல் கேட்பது." ஆள் உண்டு, நேரம் உண்டு, செயல் உண்டு. படுக்கும் முன் நோட்டைத் திறந்து ஒரு டிக், அல்லது ஒரு பெருக்கல் குறி. பெருக்கல் குறி விழுந்தால் அதுவே அன்றைய இரவு ஜெபம்.

நான்காவது வரியில் இன்னொரு தந்திரமும் நடக்கும். வாசிக்கும்போதே "இது அவருக்கென்றே எழுதினது போல் இருக்கிறது" என்று தோன்றி, வசனம் மாமியாருக்கோ மருமகளுக்கோ சபைச் செயலாளருக்கோ போய்விடும். சில நேரம் படமாகவே போய்விடும், காலை வணக்கம் என்று பூப்படத்தோடு குடும்பக் குழுவுக்கு. யாக்கோபு 1:23-24 வசனத்தைக் கண்ணாடி என்கிறது. கண்ணாடியைத் திருப்பி எதிராளிக்குக் காட்டினால் நம் முகம் அதில் தெரியாது. பகுதியை முடித்து நோட்டு எழுதும்வரை எதையும் யாருக்கும் அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும்.

சில நாள் ஒன்றுமே பேசாது. வாசித்தது வாசித்த இடத்திலேயே கிடக்கும். அந்த நாளில் உணர்ச்சியை வரவழைக்கப் பார்க்க வேண்டாம். "கண்டது" என்ற வரியை மட்டும் எழுதி எழுந்துவிடலாம். துக்கம் அடைத்திருக்கும் காலத்தில் உற்சாகமான வசனங்களைத் தேடி ஓடுவதைவிட 88ஆம் சங்கீதத்தை மெல்ல வாசிப்பது உதவும். அது ஓர் ஆறுதல் வார்த்தையும் இல்லாமல், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று முடிகிறது. அப்படி முடிகிற ஜெபத்துக்கும் வேதாகமத்துக்குள் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

நாள் விட்டுப்போனால்? ஐந்து நாள் பாக்கியை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே மூச்சில் அடைப்பவர் ஆறாம் நாள் திரும்பவும் விடுவார், ஏனென்றால் வாசிப்பு இப்போது கடன் ஆகிவிட்டது. அட்டவணையில் இன்றைய தேதிக்குப் போய் அங்கிருந்து தொடருவது மேல். வனாந்தரத்து மன்னாவை மறுநாளைக்கு வைத்தபோது பூச்சி பிடித்ததே (யாத்திராகமம் 16:20), நேற்றையதை இன்றைக்கு அள்ளுவதும் அதன் இன்னொரு பக்கம்தான். இரவு ஷிப்டு பார்ப்பவருக்கு அதிகாலை என்பது வேலை முடிந்து வரும் நேரம். கண் சொருகும்போது வாசிப்பதைவிட, தூங்கி எழுந்த பின் மத்தியானம் மூன்று மணிக்கு வாசிக்கலாம். கைக்குழந்தை உள்ள தாய்க்கு இருபது நிமிஷம் ஒரே துண்டாகக் கிடைக்காது. ஒரு வசனத்தைச் சீட்டில் எழுதிச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்து வாரம் முழுக்க முணுமுணுத்தால் அதுவும் ஹாகாதான்.

குடும்ப ஜெபம் தனி விஷயம், சுருக்கமாக: பத்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசித்தால் சின்னப் பிள்ளையும் விழித்திருக்கும். வாசித்ததும் ஒரே கேள்வி: "இதில் உனக்கு எது புரியவில்லை?" பிரசங்கம் வேண்டாம். அப்பாவின் ஜெபம் நீண்டால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். அதற்கு அவர்களை அதட்டினால் மாற்கு 10:13தான்.

கடைசியாக ஒன்று, மத்தேயு 5:23-24. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகி வரச் சொல்கிறது. தியானத்தின் நடுவிலும் இப்படி ஒரு பெயர் மனதில் வந்து நிற்கும், முக்கியமாகச் சொத்துப் பாகம் பிரித்த குடும்பங்களில். அந்தப் பெயரைத் தாண்டி அடுத்த வசனத்துக்குப் போவதில் பயனில்லை, அன்றைய வாசிப்பு அதோடு நிற்கலாம். நான்காவது வரியில் அந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் நேரத்தையும் குறிக்க வேண்டும். காலை ஐந்தரைக்கு யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. ஏழரைக்கு மேல் கூப்பிடலாம்.